கடலுக்குள் காட்டுது

முதல் நாள் அழைப்பெடுத்தவன் சொன்னான்:
"அக்கா, போனில நீங்க கடலுக்குள்ள காட்டுது.
நான் மணலில நிக்கிறன்.
இனி நீந்தத்தான் வேணும்."

இரவுப் பணி முடித்துப் படுத்த காலை, மணி பத்தரை.
கண் திறக்காமலே வழி சொன்னேன்.
கடலுக்கு முதுகைக் காட்டு, டைக் வீதியில் ஏறு,
படகு கவிழ்த்து வைத்த வளவுக்கு அடுத்த ஒழுங்கை,
பச்சைக் கேற்.
'நாய் கவனம்' என்றிருக்கும், நாய் இல்லை.
மணியை மட்டும் அடித்துவிடாதே.

பாண் ஒரு றாத்தல், பருப்பு அரைக் கிலோ,
வல்லாரை இரண்டு பிடி, சவர்க்காரம்.
பற்றுச்சீட்டில் இடம் போதாமல் என் பெயர்
'பவித்ராஞ்' என்று நின்றுவிட்டது.
கொண்டுவரும் கூலி இருநூற்றைம்பது ரூபா.

கடை முந்நூறு அடி தூரம். எண்ணியிருக்கிறேன்.
எதிர்வீட்டு மெற்றில்டாவும் எண்ணியிருக்கிறாள்:
"உனக்குக் கால் இல்லையே பிள்ளை?"
இருக்கிறது மெற்றில்டா.
முப்பத்தாறு கட்டில்களை
விடியும்வரை சுற்றிவந்த கால்.
வீங்கிய அந்தக் காலுக்கு
இருநூற்றைம்பது ரூபா கொடுத்து
நாற்பது நிமிட நித்திரை வாங்குகிறேன்.
அதை எந்தக் கடையிலும்
தராசில் போட்டு விற்பதில்லை.

இரண்டாம் கிழமை, கேற்றில் தொங்கிய பையை
மான் கிழித்தது.
கோட்டைப் பக்கத்துப் புள்ளிமான்,
பஸ் நிலையத்தில் பழத்தோலுக்குக் காத்து நிற்கும் வகை.
வல்லாரையைத் தின்று, பற்றுச்சீட்டையும் தின்று,
சவர்க்காரத்தை முகர்ந்து வைத்துவிட்டுப் போயிருந்தது.
என் பாதிப் பெயரும் அதன் வயிற்றில்.

குறிப்புப் பெட்டியில் எழுதினேன்:
'மான் எட்டாத உயரத்தில் மாட்டவும்.'
மறுநாள் பை வேப்பங்கொம்பில் ஆடியது.
எனக்கும் எட்டவில்லை.
இரவு உடுப்போடு கதிரை தூக்கிவந்து
என் மரத்திலிருந்து என் பருப்பை நானே பறித்தேன்.
மெற்றில்டா யன்னலில் சிரித்துக்கொண்டிருந்தாள்.

நிஃப்ராஸ் என்று போன் சொல்லும் அவன் பெயரை.
கிண்ணியாவிலிருந்து பாலம் தாண்டி வருகிறவன்.
ஒருநாள் வாய் தவறி "ராத்தா" என்றான்,
உடனே "அக்கா" என்று திருத்தினான்.
திருத்தத் தேவையில்லை என்று சொல்ல நினைப்பதற்குள்
அழைப்பு அறுந்தது.
முகம் பார்த்ததில்லை. முடிச்சுத்தான் தெரியும்:
இரண்டு சுற்று, ஒரு இழுப்பு, நுனி உள்ளே.
வார்ட்டில் பன்டேஜ் கட்டும்போது
என் விரல் ஒருமுறை அப்படியே செய்தது.

மார்கழி. மூன்று நாள் விடாத வாடைக்காற்று.
வடிகான் பொங்கி ஒழுங்கை நிறைந்து
வாசற்படியில் நுரை.
எனக்கோ பனடோல், தீப்பெட்டி, நாலு முட்டை வேண்டும்.
விரல் பொத்தானை அழுத்திய பிறகுதான்
வெட்கம் வந்தது. ரத்து செய்யத் தேடினேன்.
அதற்குள் அவன் குரல்:
"அக்கா, இண்டைக்கு மெப் சரி.
நீங்க கடலுக்குள்ளதான் இருக்கிறீங்க."

கேற்றைத் திறந்தேன், முதல் தடவை.
சைக்கிளை மேட்டில் விட்டுவிட்டு
முழங்கால் தண்ணீரில் வந்தான்,
முட்டைப் பை தலைக்கவசத்துக்கு மேல், இரு கையாலும் பிடித்தபடி.
"இந்த மழையில வந்திருக்கக் கூடாது" என்றேன்.
"நீங்க போடாட்டி வேற ஆரும் போடுவினம்.
ஆரும் போடாட்டி எனக்கு நாளில்ல" என்றான்.
இதற்குப் பதில் சொல்ல
தாதியர் கல்லூரியில் எனக்கு ஒன்றும் கற்பிக்கவில்லை.

தேத்தண்ணி கொடுத்தேன்.
கவசம் கழற்றாமல், கண்ணாடியை மட்டும் உயர்த்திக் குடித்தான்.
கண்ணும் வாயும்தான் பார்த்தேன், மூக்கு எப்படியோ தெரியாது.
ஒரு முட்டை வெடித்திருந்தது.
அதற்குக் காசு வேண்டாம் என்றான், நான் கொடுத்தேன்,
ஈர நோட்டு இரண்டு முறை கை மாறியது.

தண்ணீர் வடிந்த பிறகு போன் கேட்டது:
உங்கள் இருப்பிடப் புள்ளி பிழையாக இருக்கலாம்,
நகர்த்தவா?

நித்திரை வந்தது.
பிறகு பார்ப்போம் என்று தட்டிவிட்டேன்.